புகாரின் ஐவகை மன்றங்கள்: அணங்குறை இடங்களும் அறச்சான்றும்

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், வெள்ளிமலையின்கண் உள்ள சேடி நகரில் வாழும் விஞ்சையன் ஒருவன், புகாரில் இந்திர விழா நிகழும் நாள் இது என்பதை நினைவுகூர்ந்து, தன் காதலியைப் புகார் காண அழைக்கின்றான். இமயம், கங்கை, உஞ்சை, விந்தத்துக் காடு, வேங்கடம், காவிரி நாடு என வழியிலுள்ள காட்சிகள் பல. ஆயினும் புகாரில் காணத்தக்கன இவை என்று அவன் முதற்கண் எடுத்துரைப்பன மாளிகைகளும் அல்ல, கலம் நிறைந்த துறையும் அல்ல. நாளங்காடியில் பலி கொள்ளும் பூதத்தையும், அதன்பின் ஐவகை மன்றங்களையுமே அவன் சுட்டுகின்றான். மாதவியின் ஆடல் அவற்றிற்குப் பின்னரே இடம்பெறுகின்றது. மண்ணுலகத்து நகரொன்றின் அச்சந்தரும் இடங்களைக் காண விண்ணவர் வருகின்றனர் என்னும் இவ்வமைப்பு, நாம் கருதுவதினும் பொருளாழம் உடையது.

இம்மன்றங்கள் முதலிற் கூறப்பெறுவது இந்திரவிழவூரெடுத்த காதையில் ஆகும். அக்காதை பெரும்பாலும் நகர்ப் பட்டியலாக நடத்தலின், மன்றங்களையும் விழாக்காலத்து அணிகலன்களுள் ஒன்றாக எண்ணிக் கடந்துவிடுதல் எளிது. கதைமாந்தர் எவரும் புகார்க் காண்டத்துள் இவற்றை நாடிச் செல்வதில்லை. கதைநிகழ்ச்சி எதுவும் இவற்றின்கண் நிகழ்வதும் இல்லை. எனவே இவை பண்டைப் புகாரின் நாட்டார் நம்பிக்கைகளை அறிதற்குப் பயன்படுமேயன்றிக் காப்பியத்தின் கட்டுக்கோப்பிற்கு வேண்டப்படுவன அல்ல என்று தோன்றும். அங்ஙனம் கொள்வது பொருந்தாது என்பதும், கோவலன் கொலை குறித்து மதுரையில் எழும் வழக்கிற்கு வேண்டிய சான்றுகளை இளங்கோவடிகள் புகார்க் காண்டத்திலேயே இம்மன்றங்களின் வாயிலாக முன்வைத்துவிடுகின்றார் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மன்றங்களின் இயல்பை முதற்கண் காண்போம். இந்திரனது அமராபதியைக் காத்தமைக்காகச் சோழ மன்னன் பெற்றுவந்து நிலவுலகில் அமைத்தவை இவை என்பது விஞ்சையன் கூற்றாற் பெறப்படும். முதலாவது வெள்ளிடை மன்றம். வேற்று நாட்டு வணிகர் தத்தம் பெயரும் அளவும் பொறித்து வைத்த பொதிகள் அங்கே வெட்டவெளியிற் கிடக்கும். வாயிலும் தாழும் காவலரும் அவற்றிற்கு இல்லை. கள்வன் ஒருவன் பொதியைக் கவர்வானாயின், அதனைத் தலையிற் சுமந்தபடி கழுத்துக் கடுக்க அவ்விடத்தையே சுற்றிச் சுற்றி வருவானேயன்றி வெளியே கொண்டேகல் இயலாது. களவினை நினைத்தவரையே நடுங்கச் செய்வது அவ்விடம்.

அடுத்தவை இரண்டும் பிணி தீர்ப்பன. கூனர், குறளர், ஊமர், செவிடர், அழுகிய உடம்பினர் முதலியோர் மூழ்கி வலம்வந்து நல்லுடம்பு பெற்றேகும் பொய்கையை உடையது இலஞ்சி மன்றம். பிறர் வஞ்சனையால் மருந்துண்டு பித்தேறியவர், நஞ்சுண்டவர், அரவு தீண்டப்பெற்றவர், பேயாற் பற்றப்பட்டவர் ஆகியோர் சுற்றிவந்து தொழத் துயர் நீங்குவது ஒளியுமிழும் நெடுங்கல் நின்ற மன்றம். பேய் பிடித்தவனுக்கு மருந்து கல்லாக நிற்கின்றது என்பது கருதத்தக்கது. அச்சத்தைத் தருவதும் தீர்ப்பதும் ஒரே நகரின் இருவேறு சதுக்கங்கள்.

நான்காவதாகிய பூத சதுக்கமே இவற்றுள் கொடியது. தவவேடத்துள் மறைந்து தீயன செய்வோர், மறைந்தொழுகும் மகளிர், அரசனைக் கைவிட்டுப் பகைவர்பால் சேரும் அமைச்சர், பிறன்மனை விழைவோர், பொய்ச்சான்று கூறுவோர், புறங்கூறுவோர் ஆகியோர் தன் பாசத்தில் அகப்படுவர் என நாற்காதத் தொலைவிற்கும் கேட்குமாறு குரலெடுத்து அறைந்து, அங்ஙனம் அகப்பட்டாரைப் புடைத்துண்ணும் பூதம் அங்கே உறைகின்றது. இப்பட்டியலை ஊன்றி நோக்குக. கொலைஞரும் கொள்ளைக்காரரும் இதில் இல்லை. வெளிப்படையான குற்றங்களை அரசனின் காவலரே பிடிப்பர். மறைந்து நிகழ்ந்து சான்றுக்கு அகப்படாத குற்றங்களே பூதத்தின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஐந்தாவது பாவை மன்றம். அரசன் கோல் கோடினும், அறங்கூறவையத்தார் ஒருபாற் கோடித் தீர்ப்புரைப்பினும், அங்குள்ள பாவை நாவால் எதுவும் கூறாது கண்ணீர் உகுத்து நின்று அழும்.

இவற்றின் தனித்தன்மையை அறியப் பட்டினப்பாலையொடு ஒப்பிடுதல் பயனுடைத்து. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடும் புகாரிலும் பொதிகள் குவிந்து கிடக்கின்றன. ஆயின் அங்கே அப்பொதிகள்மீது சோழனின் புலி முத்திரை உண்டு; சுங்கம் கொள்வார் உளர்; ஓய்வறியாது காக்கும் அரசனின் ஆட்கள் உளர். சிலப்பதிகாரத்துப் பொதிகளின்மீது உள்ளவை வணிகர் தம் பெயர்களே. காவலர் ஒருவரும் இல்லர். ஒரே நகரின் ஒரே பண்டசாலையைப் பாடும் புலவர் இருவருள், முன்னவர் காவலை அரசனிடத்து வைக்கின்றார். பின்னவர் இடத்தின்பாலே வைக்கின்றார். கரிகாலனைப் பாட வந்தவர்க்கு அரசனின் ஆற்றல் முதன்மை உடையதாகத் தோன்றியது இயல்பே. இளங்கோவடிகளுக்கோ அரசியல் பிழைத்த ஒரு கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. அரசன் பிழைத்தாலும் பிழையாத காவல் ஒன்று உளதாதல் கூடுமோ என்னும் வினா அவர் நூலின் அடியில் ஓடுகின்றது.

இனி மதுரையில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். களவு செய்யாத ஒருவன் கள்வன் எனக் கொல்லப்பட்டான். பொற்கொல்லன் பொய்யுரைத்தான். பாண்டியன் ஆராயாது ஆணையிட்டுக் கோல் கோடினான். மூன்று பிழைகள். கள்வன் யார் என்பதை இடமே காட்டிக்கொடுக்கும் வெள்ளிடை மன்றமும், பொய்க்கரியாளனைப் பற்றும் பூத சதுக்கமும், கோல் கோடிய அன்றே அழும் பாவை மன்றமும் இம்மூன்றிற்கும் நிரலே விடையாக அமைந்தவை. புகாரில் அன்று பொற்கொல்லன் வாய் திறந்திருப்பின் அவன் சொல் முடியுமுன் பாசம் அவனைச் சுற்றியிருக்கும். எஞ்சிய இரண்டு மன்றங்களும் இவ்வொப்புமையுள் அடங்குவன அல்ல. அவற்றை வலிந்து பொருத்துவார்க்கு வழிகள் கிடைக்கும். அவ்வழிகளை நாம் நாடவேண்டுவதில்லை. ஐந்தனுள் மூன்று இத்துணைச் செறிவாகப் பொருந்துவதே போதிய சான்று.

இப்பொருத்தம் தற்செயலாகலாம் என்பார் உளராயின், அவர் அடைக்கலக் காதையை நோக்குவாராக. ஐவகை மன்றங்களுள் ஒன்றன்கண் கோவலன் வாழ்வில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்றே ஒன்று காப்பியத்துள் கூறப்படுகின்றது. அது கூறப்படும் இடம் புகார் அன்று, மதுரையின் புறஞ்சேரி. கோவலன் மதுரை மூதூரைக் கண்டு மீண்டு, கண்ணகியும் கவுந்தியடிகளும் இருந்த சோலைக்கு வந்தபொழுது அங்கே மாடலனைக் காண்கின்றான். மாடலன் கோவலன் முன்செய்த நற்செயல்களை எண்ணி உரைக்கின்றான். அவற்றுள் ஒன்று: பத்தினி ஒருத்திமீது அவள் கணவனிடம் வறியன் ஒருவன் பொய்ச்சான்று கூற, பூதம் அவனைப் பாசத்தாற் கட்டியது. அவனுடைய ‘தவ்வை’ பட்ட துயரைக் கண்ட கோவலன், அப்பாசத்துள் தானே சென்று புகுந்து, தன் உயிரைக் கொண்டு அவன் உயிரைத் தருமாறு பூதத்தை வேண்டினான். கீழ்மகன் உயிருக்கு ஈடாக நல்லுயிரைக் கொண்டு மேலுலகை இழக்கும் பண்பு தன்பால் இல்லை என்று மறுத்து, அவன் கண்முன்னரே பூதம் அப்பொய்யனைப் புடைத்துண்டது. கோவலன் அவ்விறந்தவன் சுற்றத்தாரைப் பல்லாண்டு புரந்தான்.

பொய்க்கரியாளன் ஒருவனைக் காப்பதற்காகத் தன் உயிரையே தர முன்வந்தவன் கோவலன். அந்நிகழ்ச்சியை அவன் கேட்டு நிற்கும் இடம் மதுரை வாயில். அதற்குப்பின் அவன் எதிர்ப்படும் பொய்க்கரியாளன் பொற்கொல்லனே. இம்முறை பூதம் இல்லை. இந்நிகழ்ச்சியைப் புகார்க் காண்டத்திற் சொல்லாமல் இங்கே கொணர்ந்து வைத்தது அடிகளின் திட்டமே என்பதில் ஐயம் இல்லை. கோவலனின் ஈகையைக் காட்டுதற்கு மட்டும் இக்கதை வேண்டும் என்பார்க்கு, மாடலன் கூறும் ஏனைய செயல்களே போதும். மதயானையின் பிடியினின்றும் முதிய அந்தணனைக் காத்ததும், கீரியைக் கொன்று கணவனாற் கைவிடப்பட்ட பார்ப்பனியின் துயர் களைந்ததும் அங்கேயே உள்ளன. பொய்ச்சான்றும் பூதமும் வரவேண்டிய தேவை வேறு.

கொலைக்களக் காதை இத்தொடர்பை மேலும் தெளிவாக்குகின்றது. கோவலனைக் கண்ட காவலர் இவன் தோற்றம் கள்வன் தோற்றம் அன்று எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லன் உடனே கள்வர் துணைக்கொள்ளும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டினையும் விரித்துரைத்து அவர்களை மயக்குகின்றான். காவலருள் ஒருவன், மழை பெய்த நள்ளிரவில் கரிய உடை உடுத்து உளியொடு வந்து தன் வாளைப் பறித்து மறைந்த கள்வன் ஒருவனது வியப்புக்குரிய கதையைக் கூறுகின்றான். மந்திரமும் தெய்வமும் மாயமும் மதுரையில் இல்லாமல் இல்லை. அவை அங்கே பொய்யனின் பக்கம் நின்று பேசுகின்றன. புகாரில் இடத்திற்கு உரியதாய்ப் பொதுவில் நின்ற அச்சம், மதுரையில் வாய்மொழியாகிக் கொலைக்குத் துணைபோகின்றது. கல்லாத காவலன் ஒருவன் கைவாளை வீசியது அதன்பின்னரே.

இக்கருத்திற்கு மறுப்பாகத் தோன்றும் செய்திகள் மதுரைக் காண்டத்திலேயே உள்ளன. அவற்றை ஒளித்துச் செல்லுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. திருமால்குன்றத்துப் பிலத்தில் மூன்று பொய்கைகள் உள்ளன என்று மாங்காட்டு மறையோன் கூறுகின்றான். ஒன்று ஐந்திர நூலறிவு தரும். ஒன்று பழம்பிறப்பு உணர்த்தும். ஒன்று நினைத்தவற்றை நல்கும். ஆயின் இவை நகருக்கு வெளியே மலைக்குள் இருப்பன. தனி ஒருவனுக்குப் பயன் தருவனவேயன்றி ஊருக்குக் காவலாவன அல்ல. கவுந்தியடிகளும் அவற்றால் தமக்கு ஆவது ஒன்றில்லை என ஒதுக்கிவிடுகின்றார். எனவே இது பெரிய மறுப்பன்று.

அழற்படு காதையில் வரும் நால்வகைப் பூதங்கள் இதனினும் வலிய மறுப்பாகும். மதுரைக்கும் காவற்பூதங்கள் இருந்தன. ஆனால் அவை செய்தது என்ன? அரசன் முறை பிழைக்கும் நாளில் இந்நகர் எரியுண்ணும் என்பதைத் தாம் முன்னரே அறிந்திருப்பதாகக் கூறி, நகரைவிட்டு நீங்குகின்றன. பொய்யனை அவை பற்றவில்லை. கோல் கோடியபொழுது அழவில்லை. அறிந்தும் வாளா இருந்து இறுதியில் வெளியேறும் காவல் அது.

யாவற்றினும் வலிய மறுப்பு மதுராபதித் தெய்வம் கட்டுரை காதையிற் கூறும் வார்த்திகன் வரலாறு. திருத்தங்கால் வார்த்திகனைக் கள்வன் எனப் பிழைபட எண்ணிக் காவலர் சிறையிலிட, ஐயை கோயிற் கதவு திறவாது மூடிக்கொண்டது. இதன் காரணம் யாது என வினவிய பாண்டியன், தன் ஆட்சியில் நேர்ந்த பிழையை உணர்ந்து, அவனை விடுவித்து, தங்காலும் வயலூரும் அளித்து, மண்ணில் வீழ்ந்து வணங்கினான். கதவும் திறந்தது. களவு சுமத்தப்பட்ட குற்றமற்றவன், அதனை அறிவித்த தெய்வ இடம், திருந்திய அரசன். பாவை மன்றத்தை முற்றிலும் ஒத்த இடம் பாண்டி நாட்டில் இருந்துள்ளது! எனினும் இவ்வரலாற்றை அடிகள் எங்கே வைத்தார் என்பதே நாம் எண்ணவேண்டுவது. கோவலன் இறந்து, அரசன் இறந்து, நகர் எரிந்தபின், பாண்டியர் குலத்தின் செங்கோன்மையைக் கண்ணகிக்கு எடுத்துரைக்கும் தெய்வத்தின் வாயில் வைத்தார். ஒருகாலத்தில் பேசிய கதவு இம்முறை பேசவில்லை. இம்முறை வந்த அறிகுறி கோப்பெருந்தேவியின் தீக்கனாவே; அது அரண்மனைக்குள் ஒருத்தி கண்டது, கொலை நிகழ்ந்தபின் கூறப்பட்டது. நாற்சந்தியில் நின்று அழும் பாவையை ஊர் முழுதும் காணும். அரசியின் கனவைத் தோழியரும் கணவனுமே அறிவர். புகாருக்கும் மதுரைக்கும் இடையே அடிகள் காணும் வேறுபாடு தெய்வம் உண்டா இல்லையா என்பதன்று. அது பொதுவில் நிற்கின்றதா, அகத்துள் ஒளிந்து நிற்கின்றதா என்பதே.

வார்த்திகன் வரலாறு பிறிதோர் உண்மையையும் உணர்த்துகின்றது. ஊர்களின் விந்தை வரலாறுகள் இக்காப்பியத்துள் பொழுதுபோக்குக் கதைகளாக அமையவில்லை. வழக்கிற்கு இருதரப்பாரும் காட்டும் சான்றுகளாக அமைகின்றன. மதுராபதி பாண்டியன் தரப்பில் கதவைச் சான்று காட்டுகின்றது. அதற்கு முன்னரே கண்ணகி வழக்குரை காதையில் தன் ஊர் இன்னதெனக் கூறுமிடத்துப் புறாவிற்காகத் தன்னுடலைத் தந்த சோழனையும், கன்றிழந்த பசுவிற்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் முன்னிறுத்தினாள். வஞ்சின மாலையில் புகார்ப் பத்தினியர் எழுவரை எண்ணுகின்றாள். வன்னி மரத்தையும் மடைப்பள்ளியையும் சான்றாகக் கொணர்ந்து நிறுத்தியவள், காவிரி மணற்பாவையைக் கணவனாகக் கொண்டு அலை அழியாமற் காத்து நின்றவள், கடல் கடந்த கணவன் மீளுமளவும் கானலிற் கல்லாய் நின்றவள், பிறர் நோக்காதிருக்கத் தன் முகத்தைக் குரக்கு முகமாக்கிக் கொண்டவள் என அப்பட்டியல் நீள்கின்றது. இவை அனைத்தும் புகாரின் கரைகளிலும் துறைகளிலும் இடம் சுட்டி வழங்கியிருக்கத்தக்க ஊர்க்கதைகள். மரமும் பாவையும் கல்லும் இங்கும் வருதலைக் காண்க. மன்றங்களில் ஊருக்குப் பொதுவாய் நின்ற அணங்கு, இப்பெண்டிரிடத்து உடம்பில் ஏறிய அணங்கு ஆகின்றது. அவர் பிறந்த பதியில் தானும் பிறந்தவள் என்பதே கண்ணகியின் வஞ்சினத்திற்கு அடிப்படை. பாண்டியன் அவைக்கண் கண்ணீரோடு நின்றவள், நாவின்றி அழுத புகார்ப் பாவை நாவுபெற்று வந்தாற்போன்றவள் என்று கூறின் மிகையாகாது.

இவ்விடத்து மணிமேகலையை நோக்குதல் வேண்டும். சாத்தனார் புகாரின் இவ்விடங்களை நன்கறிந்தவர். ஆயினும் அவற்றை அவ்வாறே ஏற்றுக்கொண்டவர் அல்லர். ஊரார் சுடுகாட்டுக் கோட்டம் என்று வழங்கும் இடத்தை நீயிர் சக்கரவாளக் கோட்டம் என்பது யாது கருதி எனச் சுதமதி வினவ, மணிமேகலா தெய்வம் அதன் வரலாற்றை விரிக்கின்றது. அவ்வீமப் புறங்காடு புகார் நகரொடு உடன்தோன்றியது. நான்கு வாயில்கள், அவற்றுள் ஒன்றன்கண் மடித்த வாயும் சினந்த கண்ணும் உடைய பூதவுருவம். உள்ளே காடமர் செல்வியின் கோட்டம். அருந்தவர்க்கும் அரசர்க்கும் உடனுயிர் நீத்த மகளிர்க்கும் சுடுமண்ணால் உயர்த்திய கோட்டங்கள். பிணத்தைச் சுடுவோர், வாளா இடுவோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த இடங்களில் அடைத்து வைப்போர், தாழியிற் கவிப்போர் என ஐந்து வகையினர் அங்கே இரவும் பகலும் வந்து செல்கின்றனர். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்து கண்ட தாழிகளை அறிந்தவர்க்கு இப்பட்டியலின் நம்பகத்தன்மை நன்கு விளங்கும். அச்சத்தைப் பாடவந்த புலவர், கண்கூடான ஈமவழக்குகளையே அச்சத்திற்குக் கருவியாக்கியுள்ளார்.

அப்புறங்காட்டினுள்ளும் மன்றங்கள் ஐந்தே! பேய்க்கணம் கூடும் வாகை மன்றம், ஊனுண்ட பறவைகள் தங்கும் வெள்ளில் மன்றம், சுடலை நோன்பிகள் அடுதீ மூட்டும் வன்னி மன்றம், உடைந்த தலைகளைத் தொடுத்து வைக்கும் இரத்தி மன்றம், பிணந்தின்போர் விருந்தயரும் வெள்ளிடை மன்றம். எண்ணிக்கை ஒத்திருப்பதோடு, வெள்ளிடை மன்றம் என்னும் பெயரும் அவ்வாறே வருகின்றது. வணிகப் பொதிகள் களவின்றிக் கிடந்த வெளிக்கு உரிய பெயர், நிணம் சமைக்கும் வெளிக்கு உரியதாகின்றது. சாத்தனார் இதனை அறிந்தே செய்தார் என்பது எம் கருத்து. வாழ்வார் நகரின் ஐந்து மன்றங்களுக்கு எதிராகச் செத்தார் நகரின் ஐந்து மன்றங்களை அவர் நிறுத்துகின்றார். முன்னவை குற்றவாளியை மட்டும் அச்சுறுத்துவன. பின்னவை உடம்பெடுத்த எவரையும் அச்சுறுத்துவன.

சார்ங்கலன் கதை இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். தனிவழிச் சென்ற அப்பார்ப்பனச் சிறுவன், புறங்காட்டில் பெண்ணொருத்தியின் தலையைக் கைக்கொண்டு களித்தாடும் பேயைக் கண்டு அஞ்சி ஓடித் தாயிடம் வந்து உயிர் நீத்தான். தாய் கோதமை மகனுடலை எடுத்துச்சென்று, நகர்த் தெய்வமாகிய சம்பாபதியை அழைத்து முறையிட்டாள். அணங்கும் பேயும் உயிருண்ணா. அச்சிறுவனின் அறியாமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே உயிருண்டது என்று தெய்வம் மொழிந்தது. பூதம் புடைத்துண்ணும் சதுக்கத்தை உடைய அதே நகரில் இக்கூற்று எழுவது சிறிதும் எளிய செய்தியன்று. கோதமை தன் உயிரைக் கொண்டு மகனுயிரைத் தந்தால் கண்ணற்ற தன் கணவனை அவன் காப்பான் என வேண்டுகின்றாள். கோவலன் சதுக்கப் பூதத்திடம் வேண்டியதும் இதுவே. இருவர் வேண்டுகோளும் மறுக்கப்படுகின்றன; மறுப்பின் காரணங்கள் வேறு. பூதம் உயிர்களின் தகுதியை நிறுத்துப் பார்த்து மறுத்தது. சம்பாபதியோ உயிருக்கு உயிர் தருவதென்பதே உலகியலில் இல்லை என மறுக்கின்றது. அஃது உண்டாயின் அரசர்க்காக உயிர் தருவோர் இலரோ, இப்புறங்காட்டில் அரசர்க்கு அமைந்த கோட்டங்கள் ஆயிரம் ஏன் என்று வினவுகின்றது. கல்லறைகளே சான்றாக நிற்கின்றன. இவ்வாதத்தின் கூர்மையை எத்துணைப் போற்றினும் தகும். எனினும் கோவலன் கதையில் உள்ள மனித வெம்மை இதன்கண் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். பூதம் மறுத்தபின் கோவலனுக்குச் செய்வதற்கு ஒரு பணி எஞ்சியிருந்தது. அவன் அக்குடும்பத்தைப் புரந்தான். கோதமைக்கு எஞ்சியது மகனை ஈமத்தில் இட்டுத் தானும் இறத்தலே.

பாவையும் சாத்தனார் கையில் மாறுகின்றது. சிலம்பின் பாவை நாவின்றி அழுவது. உலக அறவியில் உள்ள கந்திற்பாவை நாவுடையது. சுதமதிக்கும் மணிமேகலைக்கும் முற்பிறப்பும் வருவதும் உரைப்பது. விசாகைமீது ஊரார் ஏற்றிய பழியைப் பொய்யெனக் கூறிப் போக்கியது. அழும் பாவை கேட்பவன் அறிவிற்கு விட்டுவிடுகின்றது. பேசும் பாவை தீர்ப்பளித்துவிடுகின்றது. சமய உண்மையை உணர்த்தவந்த காப்பியத்திற்குப் பேசும் பாவை வேண்டும். கவிதைக்கு எது வேண்டும் என வினவின், அழும் பாவையே என்பேன்.

ஆயினும் சிறைசெய் காதையில் வரும் மருதியின் வரலாறு சிலப்பதிகாரத்தில் இல்லாத நுட்பம் ஒன்றனைத் தருகின்றது. ககந்தன் மகனால் வழிமறிக்கப்பட்ட மருதி, பிறர் நெஞ்சு புகுந்தேன் எனத் தன்னை நொந்து, இல்லம் புகாது சதுக்கப் பூதத்திடம் சென்று முறையிட்டாள். பூதம் அவளைத் தன் பாசம் கட்டாது என்றது. அரசன் முறை செய்தற்கு ஏழுநாள் உண்டு, அவன் தவறிய பின்னரே தன் முறை என்றும் கூறிற்று. ஏழுநாளுள் தந்தையே மகனை வாளால் எறிந்தான். இங்கே பூதத்திற்கும் அரசனுக்கும் இடையே ஆட்சியெல்லை வகுக்கப்பட்டுள்ளது. அணங்கின் அச்சம் அரசியலுக்குப் பகையன்று. அரசியல் தவறுமாயின் அதன் பின்னிற்கும் மேல்முறையீட்டு இடம். இதனை முனிவர்கள் எடுத்துரைப்பது, தன் மகன் உதயகுமரன் வெட்டுண்டதை இன்னும் அறியாத சோழ மன்னனிடம் என்பதும் நினைக்கத்தக்கது. சாத்தனாரிடத்தும் ஊரின் விந்தை வரலாறு அரசன்முன் வைக்கும் முற்கோளாகவே பயன்படுகின்றது. இவ்வகையில் இரு காப்பியங்களும் ஒரே மரபைச் சார்ந்தவை.

பூதம் உறையும் இடத்தை அஞ்சுவது உலக இயல்பு. புகார் மக்களின் அச்சமோ வேறு வகையது. விழாவறை காதையில், இருபத்தெட்டு நாள் இந்திர விழாவைக் கைவிட்டால், நாளங்காடிப் பூதம் இடுக்கண் செய்யும் என்பதோடு, தீயோரைப் புடைத்துண்ணும் சதுக்கப் பூதம் ஊரொடு பொருந்தாது ஒழியும் என்றும் அஞ்சுகின்றனர். தண்டிப்பது நீங்கிவிடுமோ என்று அஞ்சும் ஊர் அது! நால்வகைப் பூதமும் நீங்கிய மதுரை எரிந்தது போலவே, விழா மறந்த புகாரைக் கடல் கொண்டதாக மணிமேகலை பின்னர்க் கூறும். பூம்புகார்ப் பகுதியில் 1963 முதல் 1973 வரை நிகழ்ந்த அகழாய்வுகளில் கீழையூர்ச் செங்கல் துறையும் பல்லவனேச்சுரத்துப் புத்த விகாரமும் வெளிப்பட்டுள்ளன. வணிகப் புகாருக்கும் பௌத்தப் புகாருக்கும் அவை மண்ணுட் கிடைத்த சான்றுகள். பூதத்தின் சதுக்கத்தை நூலிலன்றி மண்ணில் தேடுதல் தேவையற்றது.

சதுக்கப் பூதம் இடம் பெயரக்கூடியது என்பதற்குச் சேர நாட்டுச் சான்றும் உண்டு. வலிமிக்க பூதரைக் கொணர்ந்து நிறுத்திச் சாந்தி செய்தவன் இளஞ்சேரல் இரும்பொறை என்று பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பதிகம் கூறும். சிலப்பதிகாரத்து நடுகற் காதையும் சதுக்கப் பூதரை வஞ்சியுள் தந்து வேள்வி வேட்ட சேரன் ஒருவனைக் குறிக்கின்றது. அவன் செங்குட்டுவனுக்கு முன்னோனாகக் கூறப்படுவதால் எழும் காலமுறைச் சிக்கல் தனியே ஆராய்தற்குரியது. ஈண்டு நாம் கருதத்தக்கது அதனை உரைப்பவன் யார் என்பதே. மதுரைப் புறஞ்சேரியில் கோவலனிடம் அவன் கண்ட பூதத்தை நினைவூட்டிய அதே மாடலனே, வஞ்சியில் செங்குட்டுவனிடம் இதனைக் கூறுகின்றான். யாக்கை நில்லாது என்பதை உணர்த்த, மறைந்துபோன முன்னோர் பெயர்களை அவன் அடுக்கும் பட்டியலில், பூதத்தையே தன் நகருக்குக் கொணர்ந்த அச்சேரனும் ஒருவனாக நிற்கின்றான்.